ஏற்ற துணை: விவிலியப் படைப்பு வரலாற்றில் மனித உறவும் சமூகமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் உரையாற்ற என்னைப் பணித்தபோது, பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே அளித்தீர்கள். ஊதியமும் பதவியும் இல்லாத ஓர் அமைப்பு பத்தாண்டுகள் சிதையாமல் நிற்பது எளிய செயலன்று. மனிதர் ஏன் கூடுகின்றனர்? கூடியவர் எதனால் பிரியாமல் இருக்கின்றனர்? இவ்வினாக்கள் இவ்விழாவிற்கு உரியவை என்று எண்ணினேன். இவற்றிற்கு விவிலியத்தின் முதல் நூலாகிய தொடக்கநூல் (ஆதியாகமம்) தரும் விடையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சமயச் சொற்பொழிவாக இதனைக் கொள்ள வேண்டா. ஒரு பழம்பனுவலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண்பது தமிழாசிரியர்க்குப் பழகிய தொழில். அம்முறையிலேயே இப்பனுவலையும் அணுகுகிறேன்.

முதல் குறை

தொடக்கநூலின் முதல் இயலில் ஒளி, நிலம், மரஞ்செடி, சுடர்கள், பறவை, விலங்கு என ஒவ்வொன்றாகப் படைப்பு விரிகின்றது. படைத்தவர் தாம் படைத்ததைக் கண்டு நல்லது என்று கூறுவதாக ஏழு முறை வருகின்றது. இரண்டாம் இயலில், அந்த ஏழு நன்மைகளுக்குப் பின்னர், முதன்முறையாக ஒன்று நன்றன்று என்று சொல்லப்படுகிறது. அது மனிதனின் தனிமை.

இச்சொல் எந்தச் சூழலில் வருகிறது என்பது கருதற்குரியது. அப்பொழுது பாவம் இல்லை, பாம்பு இன்னும் கதைக்குள் வரவில்லை, சாவு இல்லை. கண்ணுக்கினிய மரங்களும் உண்ணுதற்குரிய கனிகளும் உண்டு. செய்வதற்குத் தொழில் உண்டு. கடவுளின் அண்மையும் உண்டு. இத்தனை இருந்தும் ஒரு குறை இருந்தது. அதனைக் கடவுளே எடுத்துரைக்கிறார். ஆகவே, மனிதர்க்கு மனிதர் வேண்டியிருப்பது பாவத்தின் விளைவன்று. நெஞ்சுரம் இல்லாதவரின் நலிவும் அன்று. இறைவனோடு நெருங்கி வாழ்ந்தாலும் சக மனிதரின் இடம் வெற்றிடமாகவே இருக்கும் என்பது இப்பனுவலின் துணிபு. துறவையே உயர்ந்த வாழ்வெனப் போற்றும் மரபுகளில் வளர்ந்த நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

இதன்பின் விலங்குகளும் பறவைகளும் மனிதன்முன் கொண்டுவரப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றிற்கும் பெயரிடுகிறான். பெயரிடுவதால் ஆளுகை கிடைக்கிறது, உறவு கிடைக்கவில்லை. அவற்றுள் அவனுக்கு நிகரானது எதுவும் காணப்படவில்லை.

மெசபடோமியாவின் பழங்காப்பியமாகிய கில்கமேஷ் கதையோடு இதனை ஒப்பிடலாம். ஊருக் நகரத்து மன்னன் கில்கமேஷ் தன் வலிமைக்கு நிகர் எவருமின்றிக் குடிகளை வாட்டுகிறான். மக்கள் முறையிட, ஒரு தெய்வம் களிமண்ணைப் பிசைந்து அவனுக்கு இணையான எங்கிடு என்பவனைப் படைக்கிறது. நிகரற்றவன் கொடியவனாகிறான், நிகரானவன் வந்தபின்பே மனிதனாகிறான். மண்ணிலிருந்து படைப்பு, இணையின் தேவை ஆகிய இரண்டும் இரு நூல்களிலும் உள்ளன. ஆயினும் அங்கே இணை தேவைப்படுவது ஒரு மன்னனுக்கு. இங்கே எல்லா மனிதர்க்கும்.

துணை என்னும் சொல்

மனிதனின் தனிமைக்கு மாற்றாகக் கடவுள் உருவாக்க எண்ணியதை எபிரேய மூலம் இரு சொற்களால் குறிக்கின்றது. ஒன்று ஏசெர், மற்றொன்று கெநெக்தோ. இவ்விரு சொற்களுக்கும் என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே குடும்பமும் சமூகமும் பற்றிய நம் பார்வை அமைகின்றது.

ஏசெர் என்றால் உதவி. எபிரேய விவிலியத்தில் இச்சொல் இருபது இடங்களுக்கு மேல் வருகின்றது. அவற்றுள் பெரும்பான்மையான இடங்களில் அது குறிப்பது கடவுளையே. இடுக்கணில் வந்து காக்கும் பேராற்றலையே அச்சொல் சுட்டுகிறது. ஏவல் செய்யும் கீழோரைச் சுட்டுவதில்லை. சாமுவேல் என்னும் தலைவர் பெலிஸ்தியரை வென்ற பின்னர் ஒரு கல்லை நாட்டி, எபெனேசர் என்று பெயரிட்டார் என்பது விவிலியச் செய்தி. ஏபென் என்பது கல். ஏசெர் என்பது உதவி. நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களில் ஆண்மக்களுக்கு எபெனேசர் என்று பெருமையோடு பெயரிடுகின்றனர். வீட்டு முகப்பிலும் அப்பெயரைப் பொறிக்கின்றனர். அதே ஏசெர் என்னும் சொல் பெண்ணைக் குறிக்கும்போது மட்டும் கையாள் என்ற அளவிற்குச் சுருங்கிவிடுவது ஏன்? பனுவல் அவ்வாறு சுருக்கவில்லை; படிப்பவர் சுருக்கிவிட்டனர்.

இனிக் கெநெக்தோ என்னும் சொல். நெகெத் என்றால் முன், எதிர் என்று பொருள். அவனுக்கு எதிரே நிற்பது, அவனுக்கு நிகராய் நிற்பது என்று இதனை விரிக்கலாம். பின்னால் வருவதுமன்று, காலடியில் கிடப்பதுமன்று. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, பழைய ரபிகளின் விளக்கம் ஒன்றைத் தம் உரையில் எடுத்தாள்கிறார். மனிதன் தகுதியுடையவனாயின் அவள் துணையாவாள்; தகுதியற்றவனாயின் அவனை எதிர்த்து நிற்பாள் என்பது அதன் கருத்து. நம் பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் பயின்றவர்க்கு இத்தகைய உரைநயம் புதிதன்று. தமிழிலும் எதிர் என்பதற்குப் பகை என்ற பொருள் மட்டுமா உண்டு? விருந்தினரை வரவேற்பதையும் எதிர்கொள்ளுதல் என்றே சொல்கிறோம்.

இவ்விரு சொற்களையும் தமிழாக்கியோர் கண்ட சொல் துணை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை முடித்து 1714–15ஆம் ஆண்டுகளில் அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டைத் தொடக்கநூலிலிருந்து மொழிபெயர்த்து, ரூத்து நூல் வரை வந்த நிலையில் 1719இல் மறைந்தார். எஞ்சிய பணியைச் சூல்ச் நிறைவு செய்தார். அதன்பின் பப்ரிசியசு உள்ளிட்ட பலர் திருத்தங்கள் செய்தனர். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலில் ‘ஏற்ற துணை’ என்று உள்ளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் ‘தகுந்த துணை’ என்று உள்ளது. அடைமொழி மாறியது, துணை மாறவில்லை.

இத்தொடரை வகுப்பில் ஒருமுறை எடுத்துக்காட்டியபோது மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, துணைப்பாடம் என்பதில் வருகின்ற துணையா இது?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் கேட்டது நகைப்பிற்குரிய வினா அன்று. துணைப்பாடம், துணைத் தலைவர், துணைவிதி என்பனவற்றில் துணை என்பது முதன்மையானதற்கு அடுத்த நிலையைக் குறிக்கின்றது. பெரும்பாலோர் ஏற்ற துணை என்பதையும் அப்பொருளிலேயே படித்து வந்துள்ளனர்.

தமிழில் அச்சொல்லின் பழைய வீச்சு அதுவன்று. மடலின் தலைப்பில் கடவுள் துணை என்றும் முருகன் துணை என்றும் எழுதும்போது, துணை என்பது நம்மினும் மேலானதைச் சுட்டுகிறது. திருக்குறளில் ஆறாம் அதிகாரம் வாழ்க்கைத் துணைநலம். நாற்பத்தைந்தாம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். மனைவியைக் குறித்த அதே சொல்லால் அரசன் தேடிப் பெறவேண்டிய பேரறிவாளரையும் வள்ளுவர் குறிக்கின்றார். இன்னொன்றும் உண்டு. இத்துணை, அத்துணை, தினைத்துணை, பனைத்துணை என்னும் வழக்குகளில் துணை என்பதற்கு அளவு, ஒப்பு என்பது பொருள். எனவே உதவி, ஒப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்கும் சொல் இது. எபிரேயம் இரண்டு சொற்களால் கூறியதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது எனலாம். மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்லில் குறையில்லை. அதன் ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொண்டு ஏனையவற்றை நாம் கைவிட்டுவிட்டோம்.

விலா எலும்பும் ஒரு பக்கமும்

பெண் விலா எலும்பிலிருந்து படைக்கப்பட்டாள் என்பது அனைவரும் அறிந்தது. அங்குள்ள எபிரேயச் சொல் சேலா. இதே சொல் விவிலியத்தின் பிற இடங்களில் உடன்படிக்கைப் பேழையின் பக்கத்தையும், திருக்கூடாரத்தின் பக்கத்தையும், மலைச்சரிவையும் குறிக்கின்றது. எனவே மனிதனின் ஒரு பக்கம் எடுக்கப்பட்டது என்று கொள்வதற்கும் இடமுண்டு. அமெரிக்க விவிலிய அறிஞர் பிலிஸ் டிரிபிள் என்னும் பெண்மணி, 1973இல் எழுதிய கட்டுரையிலும் 1978இல் வெளியிட்ட நூலிலும் இப்பகுதியை நுணுகி ஆராய்ந்தார். அதுவரை ‘ஆதாம்’, அதாவது மண்ணால் ஆனவர், என்று பொதுவில் வழங்கப்பட்டவர், பெண் தோன்றிய பின்பே ஆண் என்று அழைக்கப்படுகிறார். ஈஷ், ஈஷா என்னும் இணைச்சொற்கள் ஒருங்கே பிறக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. இதனை எல்லா அறிஞரும் முழுமையாக ஏற்றனர் என்று கூற இயலாது. ஆயினும், பிந்திப் படைக்கப்பட்டவள் ஆகையால் தாழ்ந்தவள் என்னும் பழைய வாதத்தை அவ்வாய்வு அசைத்துவிட்டது.

அப்பழைய வாதம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அகுஸ்தீனே சான்று. தொடக்கநூலுக்கு அவர் எழுதிய விரிவான உரையில், பெண் எதற்கான உதவி என்று வினவுகிறார். உழைப்பிற்கு உதவி என்றால் மற்றோர் ஆண் அதனினும் நன்கு உதவியிருப்பான். பேசிப் பழகும் தோழமைக்கு என்றாலும் இரு ஆண் நண்பர்களே பொருத்தமானவர். ஆகவே மகப்பேறு ஒன்றே காரணம் என்று முடிக்கிறார். பேரறிஞர்தாம், ஆனால் பனுவல் வேறு கூறுகிறது. இரண்டாம் இயலில் தனிமையைப் பற்றிய சொல் முதல் இருவரும் இணையும் காட்சி வரை மகப்பேறு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்குள்ளது தனிமையும் அதன் தீர்வும் மட்டுமே.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1643இல் மணமுறிவு பற்றி எழுதிய நூலில் இதனைக் கண்டுகொண்டார். மணவாழ்வின் முதன்மை நோக்கம் இரு உள்ளங்கள் உரையாடித் தனிமை தீர்வதே என்று இதே பகுதியை ஆதாரமாகக் காட்டி வாதிட்டார். ஆயினும் பின்னாளில் எழுதிய துறக்க நீக்கக் காப்பியத்தில் பெண்ணை ஒரு படி தாழ்த்தியே வைத்தார். சொல்லின் உண்மை விளங்கிய பின்னும் வழக்கம் எளிதில் விடுவதில்லை.

ஆண் பெண்ணை ஆளுவான் என்னும் கூற்று விவிலியத்தில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது மூன்றாம் இயலில், உறவு முறிந்த பின்னர், முள்ளும் குருக்கும் முளைக்கும் நிலத்தோடும் நெற்றி வியர்வையோடும் சேர்த்துக் கூறப்படுகிறது. முள்ளைக் களைவதையும் வியர்வைக்கு எளிமை தேடுவதையும் பாவம் என்று எவரும் கூறுவதில்லை. ஆதிக்கத்தை மட்டும் இறைநியமம் என்று போற்றுவது எவ்வாறு பொருந்தும்?

இருவரிலிருந்து பலர்

துணை என்பது கணவன் மனைவி என்ற அளவில் நின்றுவிடுவதன்று. முதல் இயல் மனிதரைக் கடவுளின் உருவிலும் சாயலிலும் படைக்கப்பட்டோர் என்கிறது. அவ்வுருவை ஆணும் பெண்ணுமாகப் பன்மையில் கூறுகிறது. பண்டை எகிப்திலும் மெசபடோமியாவிலும் கடவுளின் உருவம் என்னும் பட்டம் மன்னர்க்கே உரியதாக இருந்தது. 1979இல் சிரியாவின் தெல் பெகெரியே என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மன்னர் சிலையில், உரு, சாயல் ஆகிய இரு சொற்களும் அரமேய மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னன் சிலைக்குரிய அச்சொற்களைத் தொடக்கநூல் எல்லா ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியனவாக்கியது. இது சிறிய மாற்றமன்று.

செருமானிய இறையியலாளர் போன்ஹோபர் 1932–33ஆம் ஆண்டுகளில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் தொடக்கநூலின் முதல் மூன்று இயல்களைப் பற்றி உரைகள் நிகழ்த்தினார். இட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய குளிர்காலம் அது. ஓர் இனம் மற்றோர் இனத்தை மனிதராகவே மதியாத கொள்கை தெருக்களில் முழங்கிக்கொண்டிருந்த அந்நாளில், இறைச்சாயல் என்பது தனியொருவரிடம் உள்ள உடைமையன்று, பிறர்க்காக வாழும் உறவே அது என்று அவர் விளக்கினார். 1939இல் வெளியிட்ட கூட்டுவாழ்வு பற்றிய சிறுநூலில், தனித்திருக்க இயலாதவர் கூட்டத்தைக் குறித்தும், கூட்டத்தில் இருக்க இயலாதவர் தனிமையைக் குறித்தும் விழிப்பாய் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். 1945 ஏப்பிரல் திங்களில் அவர் தூக்கிலிடப்பட்டார். மேடைக்காக மட்டும் பேசிய கருத்தன்று அது.

யூதரின் மிசுனா என்னும் பழைய தொகுப்பு, கடவுள் ஏன் ஒரே மனிதனை முதலில் படைத்தார் என்று வினவி, என் தந்தை உன் தந்தையினும் பெரியவர் என்று எவரும் கூறாதிருக்கும் பொருட்டே என்று விடை தருகிறது. இவ்விடையைக் கேட்கும்போது நம் மண்ணின் வரலாறு நினைவிற்கு வருகிறது. தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கோர் இடம் இருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே நீங்க வேண்டும் என்று மடல் விடுத்தார். அதனை ஏற்காமல் சபையைவிட்டு விலகியவர் பலர். தொடக்கநூலைத் தமிழில் படித்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்பும் நிலை அதுவாயிருந்தது. ஒரே மண், ஒரே மூச்சு என்று படிப்பது எளிது. அருகில் அமர்வது அரிது.

காவல் என்னும் கடமை

மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது இரண்டு கடமைகள் தரப்படுகின்றன. நிலத்தைப் பண்படுத்துதல் ஒன்று, காத்தல் மற்றொன்று. காத்தலைக் குறிக்கும் எபிரேய வினை சாமர். நான்காம் இயலில் காயின் தன் தம்பி ஆபேலைக் கொன்றுவிட்டு, அவன் எங்கே என்று கேட்ட கடவுளிடம், தம்பிக்கு நான் காவலாளியா என்று எதிர்வினா விடுக்கிறான். அங்கும் அதே சாமர் என்னும் வேர்ச்சொல்லே வருகிறது. தோட்டத்தைக் காக்கப் பணிக்கப்பட்டவரின் மகன், உடன்பிறந்தானைக் காப்பது என் கடமையா என்கிறான். அவ்வினாவிற்குக் கடவுள் ஆம் என்றும் கூறவில்லை, அன்று என்றும் கூறவில்லை. தம்பியின் குருதி நிலத்திலிருந்து கதறுவதை மட்டும் சுட்டுகிறார். நிலமும் உறவும் ஒரே காவலுக்கு உட்பட்டவை என்பதனை இதனினும் தெளிவாக எவ்வாறு கூறுவது?

ஏழாம் நாள் ஓய்வும் இத்தகையதே. விடுதலைப் பயண நூலின் (யாத்திராகமம்) பத்துக் கட்டளைகளுள் ஓய்வு நாளுக்குக் காரணமாகப் படைப்பே காட்டப்படுகின்றது. அங்கு ஓய்வுக்கு உரியோர் பட்டியல் ஒன்றுள்ளது: மகன், மகள், ஆண் அடிமை, பெண் அடிமை, கால்நடை, ஊரில் தங்கியுள்ள அயலார். வீட்டுத் தலைவன் ஓய்வெடுக்க, ஏவலாள் உழைப்பதற்கு அங்கு இடமில்லை. நம் இல்லங்களில் விடுமுறை நாளில்தான் அடுக்களை வேலை இருமடங்காகிறது. விழா நாளில் விருந்துண்டவர் பலர். அமர்ந்துண்ட பெண்டிர் எத்தனை பேர்? படைப்பு இறையியல் அடுக்களை வரையிலும் வரவேண்டியதொன்று.

ரூத்தும் நகோமியும்

தனிமை நன்றன்று என்னும் சொல்லை மணமாகாத பெண்ணிடமும் கணவனை இழந்தவளிடமும் கூறி நோகச் செய்வோர் உண்டு. திருமணம் ஒன்றே தனிமைக்கு மருந்து என்று பனுவல் கூறுகிறதா? கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வதைக் குறிக்கத் தொடக்கநூல் ஆளும் எபிரேய வினை தாபக். அதே வினை ரூத்து நூலின் முதல் இயலில் மீண்டும் வருகிறது. அங்கு, கணவனை இழந்த மருமகள், கணவனையும் இரு மக்களையும் இழந்த மாமியாரைப் பற்றிக்கொள்கிறாள். ஒருத்தி மோவாபு நாட்டவள். மற்றவள் யூதேயாவின் பெத்லகேமைச் சேர்ந்தவள். குருதி உறவில்லை, இனம் ஒன்றன்று, கையில் பொருளும் இல்லை. மணவாழ்வின் பிணைப்பிற்குரிய அதே சொல்லால் அவ்விரு கைம்பெண்களின் பிணைப்பும் குறிக்கப்படுகிறது. சீகன்பால்கின் தமிழாக்கம் தொடக்கநூலில் தொடங்கி ரூத்து நூல் வரை வந்து நின்றதைச் சற்றுமுன் குறிப்பிட்டேன். அது தற்செயல்தான். எனினும் துணை என்னும் சொல்லைப் பின்தொடர்வோர்க்கு அதனினும் பொருத்தமான எல்லை வேறில்லை.

சபை உரையாளர் (பிரசங்கி) நூலும் தனியொருவரினும் இருவர் மேலானவர் என்று கூறி, விழுந்தவரைத் தூக்கிவிடவும், குளிரில் வெம்மை பெறவும், பகைவரை எதிர்க்கவும் துணை வேண்டும் என்கிறது. முப்புரிக் கயிற்றின் உறுதியையும் சொல்கிறது. அங்கு மணம் பற்றிய பேச்சே இல்லை. மக்கள் அயல்நாடுகளுக்குச் சென்றபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோரும், நகரத்து விடுதி அறையில் தனித்திருக்கும் இளையோரும் மிகுந்துவரும் இக்காலத்தில் இது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

நிறைவாக

அவையோரே! தனிமை நன்றன்று என்பது படைப்பு வரலாறு கண்ட முதல் குறை. நிகரானவரே அதற்குத் தீர்வு. அடிமையால் தனிமை தீராது. ஏவுவதற்கு ஆள் இருந்தும் பேசுவதற்கு ஆள் இல்லாத வீடு தனிமையான வீடே. ஒருவர் முகத்தை ஒருவர் நேராகக் காணும் இடத்தில்தான் துணை பிறக்கிறது. அத்துணை இல்லத்தில் தொடங்கி, உடன்பிறந்தார், அயலார், ஏவலர், நிலம் என்று காவலாக விரிகிறது. அதுவே சமூகம்.

இந்த வட்டத்தில் மாணவர் படிக்கும் கவிதையில் மூத்த பேராசிரியர் பிழை காண்கிறார். பேராசிரியரின் கட்டுரையில் மாணவர் பிழை காண்கின்றனர். மறுதிங்களும் இருவரும் வருகின்றனர். துணையாகவும் எதிராகவும் நிற்கும் ஏற்ற துணை என்பது இதுதான். இன்னும் ஒன்று வேண்டுகிறேன். இவ்வட்டத்தில் மகளிர் பலர் இன்று அவையில் அமர்ந்திருக்கின்றனர். மேடையில் சிலரே இருக்கின்றனர். வரும் பத்தாண்டுகளில் அவ்வேறுபாடு குறையட்டும்.